ஓடுபாதையில் நின்ற மாப்பிள்ளை

வானத்தில் எனக்கு ஒரு குறையும் நேர்ந்ததில்லை. மானம் போனது தரையில். அதுவும் விமானம் கிளம்புவதற்கு முன்னாலேயே.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் லோரி ஓட்டுபவன். ஜுருவில் சரக்கு ஏற்றி ஊர் ஊராக இறக்குவது வேலை. பள்ளிக்கூடப் படிப்பு படிவம் மூன்றோடு சரி. விமானம் ஓட்டியது பினாங்கில், ஜெலுத்தோங் பிளாட்டில், ஹாலில், சாமிப் படத்துக்குக் கீழே இருந்த பழைய கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டர் விளையாட்டுதான். ஆனால் விளையாட்டு என்று யாராவது சொன்னால் அப்போது எனக்குக் கோபம் வரும். "சிமுலேட்டர்" என்று திருத்துவேன். (அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை மட்டும் சுத்தமாகச் சொல்வேன்.)

நன்றாகவே ஓட்டுவேன். மழையில் இறக்குவேன். ஒரு இன்ஜின் செத்தாலும் இறக்குவேன். வராதது ஒன்றே ஒன்று. டாக்சி.

வாடகை கார் இல்லை. விமானம் நிறுத்திய இடத்திலிருந்து ஓடுபாதை வரைக்கும் தரையில் ஊர்ந்து போவதற்கு அப்படிப் பெயர். எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கோபுரத்தில் இருப்பவர் இங்கிலீஷில் சொல்வார். எழுத்தும் எண்ணுமாகக் கொட்டுவார். விமானி அதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். ரீட் பேக் என்பார்கள். திருப்பிச் சொன்னால்தான் புரிந்தது என்று கணக்கு.

தனியாக ஓட்டும்போது எனக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கே கோபுரத்தில் இருப்பதும் கம்ப்யூட்டர்தான். வழி காட்டச் சொல்லி ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் தரையில் அம்பு அம்பாக விழும். அம்பின் மேலேயே போனால் ஓடுபாதை வந்துவிடும். நான் அதை அமுக்காமல் கிளம்பியதே கிடையாது. (யாரிடமும் சொன்னதும் கிடையாது.)

இணையத்தில் இன்னொரு கூட்டம் இருந்தது. அங்கே கோபுரத்தில் உண்மையான ஆள் உட்கார்ந்திருப்பார். மற்ற விமானங்களையும் உண்மையான ஆட்கள் ஓட்டுவார்கள். எல்லோரும் மைக்கில் பேசிக்கொள்வார்கள். அங்கே அம்பு விழாது. வாயில் சொல்வதுதான் வழி. நானும் அதில் பெயர் கொடுத்திருந்தேன். அடிக்கடி உள்ளே போய் ஒரு மூலையில் விமானத்தை நிறுத்திவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் மச்சானிடம், "நானும் பேசுவேன்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

மச்சான் என் அக்காவின் கணவர். பழைய கார் விற்பவர். ஓடாத காரையே ஓடும் என்று விற்கிறவருக்கு நான் எம்மாத்திரம்?

அப்பா அம்மா இல்லை. எனக்குப் பெண் தேடியது அக்கா. முப்பதைத் தாண்டியிருந்தேன். லோரி டிரைவர் என்றதும் வந்த இடமெல்லாம் நழுவிக்கொண்டிருந்தது. கடைசியாக அமைந்தது சிம்பாங் அம்பாட்டில் தேவகி. ஒரு கிடங்கில் வேலை. உள்ளே வரும் லோரிகளை வாக்கி டாக்கியில் கூப்பிட்டு, எது எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்லும் வேலை. நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். எனக்குப் பிடித்துவிட்டது. அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிடித்துவிட்டது.

அவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாகப் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவகியும் அவள் அப்பாவும் வந்தார்கள். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்காரும்போதே கண்ணாடி பார்த்து உட்காருகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அக்கா உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப்பும் தேநீரும் வைத்தாள். வைக்கும்போது என்னைப் பார்த்தாள். இதையும் கெடுத்துவிடாதே என்ற பார்வை.

நான் கெடுக்கவில்லை. வாயே திறக்கவில்லை. மச்சான் திறந்தார்.

"மாமா, தம்பிய வெறும் லோரி டிரைவர்னு நெனச்சிடாதீங்க. பிளேன் ஓட்டுவாரு."

பெரியவர் கறிபாப்பைக் கீழே வைத்தார். "பிளேனா? எங்க?"

"இங்கதான். இந்த ஹால்லயே."

பெரியவர் ஹாலைப் பார்த்தார். துணி காயப்போடும் கம்பி தெரிந்தது.

"கம்ப்யூட்டர்ல, மாமா. ஆனா சும்மா இல்ல லா. டவர்ல நெசமான ஆளு. இவரு இங்கிலீஷ்லயே பேசி எடுப்பாரு."

"மச்சான், இப்ப வேணாம்" என்றேன்.

"பாக்கலாமா?" என்று கேட்டாள் தேவகி.

அவள் கேட்டாள். உட்கார்ந்துவிட்டேன். (இத்தனைக்கும் காரணம் அந்த ஒரு வார்த்தை. நான் இன்றுவரை அவளிடம் அப்படித்தான் சொல்கிறேன். அவள் ஒப்புக்கொள்வதில்லை.)

அன்று பார்த்து அந்தக் கூட்டம் பினாங்கு விமான நிலையத்தில் கூடியிருந்தது. திரை முழுக்க விமானம். நான் மைக்கை முன்னால் வைத்து, காதில் மாட்டுவதை மாட்டினேன். மச்சான் அதன் ஒயரைப் பிடுங்கி ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார். "எல்லாரும் கேக்கட்டும்."

கோலாலம்பூர் போக வேண்டும் என்று கேட்டேன். அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சொன்னதும் மச்சான் கை தட்டினார். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் நிமிர்ந்தேன்.

பிறகு டவர்க்காரர் பேசினார். ஏதோ எழுத்து, ஏதோ எண், இன்னொரு எழுத்து, எதன் முன்னாலோ நிற்கச் சொன்னார், யாருக்கோ வழி விடச் சொன்னார். பேச்சு நின்றுவிட்டது.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ரோஜர்" என்றேன். கேட்டுக்கொண்டேன் என்பதற்கு விமானிகள் சொல்வது.

"ரீட் பேக், ப்ளீஸ்" என்றார் அவர்.

"ரோஜர்."

"கேப்டன், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்."

"ரோஜர், ரோஜர்."

அவர் நல்ல மனிதர். கொஞ்சம் நிறுத்தி, மெதுவான இங்கிலீஷில், வழி தெரியாவிட்டால் திருப்பத்துக்குத் திருப்பம் தானே சொல்வதாகவும், அது வேண்டுமா என்றும் கேட்டார். இது எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் தினமும் அமுக்கும் பட்டனில் எழுதியிருக்கும் அதே வார்த்தை. அதைத்தான் அவர் வாயால் கொடுக்கிறார். "எஸ்" என்று சொன்னால் முடிந்தது.

தேவகி பின்னால் நின்றிருந்தாள்.

"நோ, தேங்க் யூ" என்றேன்.

கிளம்பினேன். எங்கே போவது என்று தெரியாது. லோரிக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது ஊரில் வழி தெரியவில்லையா, முன்னால் அதே மாதிரி லோரி போகிறதா, பின்னாலேயே போ. அது எப்படியும் சரக்கு இறக்கும் இடத்துக்குத்தான் போகும். முன்னால் ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே போனேன்.

அது அப்போதுதான் தரை இறங்கி வந்த விமானம். நிறுத்துமிடத்துக்குப் போய் நின்று இன்ஜினை அணைத்தது. நான் அதன் வாலில் மூக்கை வைத்து நின்றேன்.

"வந்திடுச்சா?" என்றார் பெரியவர்.

"இது செக்கிங், மாமா" என்றார் மச்சான்.

டவர்க்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ரோஜர் என்றேன். திரும்பினேன். எப்படித் திரும்பினேன் என்று கேட்காதீர்கள், புல்லில் ஏறித் திரும்பினேன். தூரத்தில் அகலமான ரோடு தெரிந்தது. ஓடுபாதைதான். பார்த்ததும் வீட்டைக் கண்ட மாதிரி இருந்தது. விரட்டினேன். ஸ்பீக்கரில் நில்லுங்கள், நில்லுங்கள் என்று சத்தம். அது வேறு யாருக்கோ என்று நினைத்தேன். (கத்துகிறவர்கள் எப்போதும் வேறு யாரையோ பார்த்துத்தான் கத்துகிறார்கள் என்பது என் அப்போதைய எண்ணம்.) ஓடுபாதைக்குள் ஏறிவிட்டேன்.

எதிரே ஒரு விமானம் விளக்கோடு இறங்கி வந்துகொண்டிருந்தது.

அது கடைசி நேரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே பறந்தது. தேநீர்க் கோப்பை ஆடவில்லை, ஆனால் எல்லோரும் குனிந்தார்கள். நான் பிரேக் போடுவதாக நினைத்து எதையோ அமுக்கினேன். இன்ஜின் அணைந்தது. திரையில் விளக்குகளும் அணைந்தன. ஓடுபாதையின் நடுவில் என் விமானம் பழுதான லோரி மாதிரி நின்றது. இறங்க வேண்டியவர்கள் எல்லாம் வானத்தில் வட்டமடித்தார்கள். ஒவ்வொருவராக மைக்கில் வந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். கிளம்ப வேண்டியவர்கள் தரையில் வரிசை கட்டினார்கள்.

டவர்க்காரர் பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. "கேப்டன், வீட்டில் பேசத் தெரிந்த வேறு யாராவது இருக்கிறார்களா?"

மச்சான் பாய்ந்து மைக்கை வாங்கினார். மலாயில் ஆரம்பித்தார்.

"ஹலோ பாஸ், நான் இவன் மச்சான் பேசுறேன். சோரி லா. இன்னைக்கு இவனைப் பாக்கப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. அதான் கொஞ்சம் நடுக்கம்."

இந்தப் பேச்சு டவருக்கு மட்டும் போகவில்லை. வானத்தில் சுற்றிய அத்தனை பேருக்கும் போயிற்று. பிறகு மேலிருந்து ஒரு குரல், "தஹ்னியா, கேப்டன்" என்றது. மலாயில் வாழ்த்துகள் என்று அர்த்தம். அடுத்து இன்னொரு குரல். தஹ்னியா. தரையில் வரிசையில் நின்றவர்களும் சொன்னார்கள். ஒருவர் கல்யாணச் சாப்பாடு எப்போது என்று கேட்டார். என் மேல் மோத இருந்தவரும் சொன்னார்.

இன்னும் பதிலே சொல்லாத பெண் வீட்டார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்குக் காதிலிருந்து கழுத்து வரை எரிந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம் என்று கை நீட்டினேன்.

"அணைக்காதீங்க" என்றாள் தேவகி. "அத்தனை பேரு மேல காத்துக்கிட்டிருக்காங்க. ரோட்டை விட்டுட்டு அணைங்க."

மச்சானிடமிருந்து மைக்கை வாங்கினாள். "சார், இவருக்கு வழி தெரியாது. ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்று இங்கிலீஷில் சொன்னாள். சாதாரண இங்கிலீஷ். கிடங்கில் பேசுகிற இங்கிலீஷ். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இவள் அதை அவரிடம் திருப்பிச் சொல்லிவிட்டு எனக்குத் தமிழில் சொன்னாள்.

"இன்ஜின் போடுங்க. நேரா போங்க. முதல் சந்துல இடது."

"சரி."

"சரி இல்ல. நான் என்ன சொன்னேன்?"

"முதல் சந்துல இடது."

"ம். போங்க."

இப்படியே ஓடுபாதையை விட்டு இறங்கி, நான் கிளம்பிய அதே இடத்தில் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினோம். கோலாலம்பூருக்குப் போகவில்லை. டவர்க்காரர் தேவகிக்கு நன்றி சொன்னார். எனக்குச் சொல்லவில்லை.

பெரியவர் எழுந்து செருப்பை மாட்டினார். "பிளேன் ஓட்டுவாருன்னு சொன்னீங்க. ரோட்லதான் ஓட்டினாரு. அதையும் எம்பொண்ணுதான் ஓட்டிச்சு" என்றார். வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். தேவகியும் பின்னால் போனாள்.

பதில் வரவில்லை. அக்கா என்னோடு பேசவில்லை. மச்சானோடும் பேசவில்லை. நான் வேலைக்குப் போனேன், வந்தேன். கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டு மூடினேன். உறைத்தது அந்த ஓடுபாதை இல்லை. "நோ, தேங்க் யூ"தான். லோரியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் ஆயுள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன். சூப்பர்வைசர் சொன்னதற்கும் வங்கியில் சொன்னதற்கும் ஓகே ஓகே. பாதிக்கு அர்த்தம் தெரியாது.

பிறகு ஒரு நாள் போன் வந்தது. தேவகி.

"ஒண்ணு கேக்கணும். இங்கிலீஷ் வராதா உங்களுக்கு?"

"வராது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"எங்க கிடங்குல இப்படித்தான். ஓகே ஓகேன்னு சொல்லிட்டு வேற வாசல்ல கொண்டுபோய் இடிப்பாங்க. அப்பறம் நான்தான் ஏச்சு வாங்கணும். வீட்டுலயும் என்னால அப்படி வாங்க முடியாது."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லணும். இப்ப நான் என்ன சொன்னேன்?"

"தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லணும்."

"சரி. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். எங்கள் கல்யாணம் முடிவானது அப்படித்தான். கல்யாணத்தில் மச்சான் மைக் பிடித்து முழுக் கதையையும் சொன்னார். கேட்காதவர்களுக்காகச் சாப்பாட்டுப் பந்தியில் இன்னொரு தடவை சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரீட் பேக் இல்லாமல் நான் படி இறங்க முடியாது. மார்க்கெட்டுக்குக் கிளம்பினால் வாசலில் நின்று, "தயிர், கொத்தமல்லி, மீன் வெட்டி வாங்கணும்" என்று ஒப்பிக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சீன அக்கா முதலில் நான் ஏதோ வேண்டுதல் சொல்கிறேன் என்று நினைத்தாள். மகள் பிறந்து பேச ஆரம்பித்ததும் அவளும் ரீட் பேக் கேட்க ஆரம்பித்தாள்.

போன மாதம் சர்க்கரைக்காகக் கிளினிக் போனேன். மகளும் வந்திருந்தாள். டாக்டர் புதியவர். மாத்திரையைப் பற்றி இங்கிலீஷில் வேகமாக என்னவோ சொன்னார். நான் தலையாட்டினேன். "ஓகே, டாக்டர்."

மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ரீட் பேக்."

காது சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் சூடு அப்படியே இருக்கிறது. "தெரியலே, டாக்டர். மெதுவா சொல்லுங்க" என்று மலாயில் சொன்னேன். அவர் சொன்னார். திருப்பிச் சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரையை நான் பின்னால் போட இருந்தேன்.

டாக்டர் மகளிடம், ரீட் பேக் என்றால் என்ன என்று கேட்டார். அவள் ஓடுபாதையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். மலாயில், கை காலை ஆட்டி, மச்சான் குரலிலேயே. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அறைக் கதவு திறந்தே இருந்தது என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஓரத்தில் இருந்த ஒரு மலாய்ப் பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தஹ்னியா, கேப்டன்" என்றார்.