வெந்நீருக்கு ஒரு டூயட்

எங்கிருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்கிற என் மூத்த மகனுக்கு அம்மா எழுதுவது. பெருமையான சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி மகள் பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் முதல். அவள் தம்பி நீச்சலில் கோப்பை வாங்கினான். போட்டிக்கு வந்ததே மூன்று பேர் என்பதை நாங்கள் வெளியே சொல்வதில்லை. எல்லாம் அஞ்சாம் வகுப்பு படித்தவளின் பேரப்பிள்ளைகளாக்கும்.

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போனதைத் தம்பி சொல்லியிருப்பான். பேச்சுதான் போனது, பாட்டு போகவில்லை. நீ ரேடியோ போட்டால் பாய்ந்து வந்து அணைப்பாரே, அந்த மனுஷர் இப்போது தண்ணீர் கேட்க மழைப் பாட்டு, தூக்கம் வந்தால் தாலாட்டு, சாப்பாடு பிடிக்காவிட்டால் சோகப் பாட்டு என்று படுத்துகிறார். அணைத்துக்கொண்டே அத்தனையையும் மனப்பாடம் பண்ணியிருக்கிறார் பார். பேத்தி இந்த வருஷத்துக் குத்துப்பாட்டில் கேள்வி கேட்பாள், இவர் பழைய பாட்டில் பதில் சொல்வார், இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிகிறது, எனக்குத்தான் தலை சுற்றுகிறது. போன வாரம் புதிதாக வந்த நர்ஸ், "பாட்டி, உங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்து டூயட் பாடுறாரு!" என்று வெளியே ஓடி வந்துவிட்டாள். "அடி, அது உனக்கில்லம்மா. அவருக்குக் குளிக்க வெந்நீர் வேணும்" என்றேன்.

சாயங்காலமானால் மட்டும் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு ஒரு மெட்டை முனகுகிறார். பேத்தி போனில் தேடாத இடமில்லை. "பாட்டி, இது எந்தப் படம்?" என்கிறாள். எந்தப் படமுமில்லையே, ராசா. அப்பாவிடம் கோபித்துக்கொண்டு நீ கச்சேரிக் குழுவோடு போகுமுன் மாடியில் உட்கார்ந்து நீயாகப் போட்ட மெட்டல்லவா. அவள் பதிலுக்கு எதைப் பாடினாலும் இல்லையென்று தலையாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

இதற்காக நீ வர வேண்டாம். வேலையைப் பார். இங்கே ஒரு குறையுமில்லை. நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: வர வேண்டாமென்று எழுதியது என் வீம்பு. வந்துவிடு. ஆனால் அவர் வாசலில் எதிர்பார்ப்பது அரும்பு மீசைப் பையனை. உனக்கு இப்போது நரைத்திருக்கும், உங்கள் வம்சமே அப்படி. திடீரென்று வந்து நின்றால் யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதை உன்னால் தாங்க முடியாது. அதனால் முதலில் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. தினமும் காட்டிப் பழக்கி வைக்கிறேன்.