விமானத்துக்குச் சுழி பார்த்த மனுசன்

சந்தேகத்துக்கு ஒரு சிலை வைக்கணும்னு சர்க்கார் என்றைக்காவது முடிவு பண்ணினால், எங்க சுழியாரைத்தான் வைக்க வேண்டும். வைத்த மறுநாளே அவர் வந்து, உள்ளே முழுசும் வெண்கலம்தானா, இல்லை களிமண்ணை அடைத்து ஏமாற்றிவிட்டார்களா என்று சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

பரளச்சிப் பக்கம் மாட்டுத் தரகர். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கிற இடத்தை வைத்து, இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்வார். அதனால் சுழியார். சொந்தப் பேர் என்னவென்று அவருக்குப் பாஸ்போர்ட்டு எடுக்கப் போன அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். டாக்டர் ஊசியோடு வந்தால், இவர் முதலில் டாக்டரின் பிடரியில் சுழி இருக்கிறதா என்று பார்ப்பார். என் வீட்டுக்கு வந்தால், காபியில் நான் ஒரு வாய் குடித்துக் காட்டின பிறகுதான் அவர் டம்ளரைத் தொடுவார். "உங்க வீட்டு மேல சந்தேகம் இல்ல முதலாளி, மாட்டு மேலதான்" என்பார். மாட்டை விற்றதே அவர்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எம்.ரெட்டியபட்டிக் காட்டில் கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுத்தவன். இன்றைக்கு வளைகுடா நாட்டு ஓட்டல்களில் கோழி வேகிறதென்றால் அது நான் அனுப்பின கரியில்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னால் பெருமையாகத் தெரிகிறது, அதுக்கு நான் என்ன பண்ண?

கரி பேச வெளிநாடு போகும்போதெல்லாம் சுழியாரைக் கூட்டிக்கொண்டு போவேன். எதிராளி நிசம் சொல்கிறானா புளுகுகிறானா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவருக்கு அரபியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. "மாட்டுக்கு மட்டும் என்ன தமிழா தெரியுது?" என்று கேட்பார்.

முதல் தடவை விமானம் ஏறினபோது, பின்னால் கூட்டம் நெருக்க, வாசலிலேயே நின்று கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பணிப்பெண் வணக்கம் சொன்னாள். "எதுக்கு இந்தப் புள்ள சிரிக்குது?" என்று என் காதைக் கடித்தார்.

"எல்லாருக்கும்தான்யா சிரிக்கிறா."

"அப்ப எல்லாருக்கும்தான் ஏதோ நடக்கப்போவுது."

விமானக் கம்பெனிகளின் பேர் அவர் வாயில் நுழையாது. அதனால் வால் நிறத்தை வைத்து மாட்டுப் பேரே வைத்துவிட்டார். சிவப்பு வால் கம்பெனி செவலை. சாம்பல் நிறம் மயிலை. கறுப்பு, காரி. நாலாவதாக ஒன்று வெள்ளையும் நீலமுமாக இருந்தது. அந்த நிறத்தில் மாடு கிடையாது என்பதால் அதுக்குக் கடைசி வரைக்கும் பேரும் வைக்கவில்லை, மரியாதையும் கொடுக்கவில்லை.

ஒருநாள் செவலையில் கூட்டம் அதிகம். கம்பெனிக்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, காசு கேட்காமல் முன்னாடி இருக்கிற பெரிய சீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டில் மாதிரி நீளுகிற சீட்டு, துணி விரித்துச் சாப்பாடு. சுழியாரோ சீட்டு நுனியில் குந்திக்கொண்டு வேர்த்து வழிகிறார்.

"என்னய்யா?"

"கோயில் கிடாயையும் வெட்டுறதுக்கு முந்தி மாலை போட்டு முன்னாடிதான் நிறுத்துவாக. நம்மள எதுக்கு முன்னாடி கொண்டாந்தாக?"

துபாய் வரும் வரைக்கும் அவர் சாயவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன்.

அந்தச் சுகம் கண்ட பிறகுதான் எனக்குப் பாயிண்டு ஆசை பிடித்தது. அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கம்பெனியே ஒரு கார்டு கொடுக்கும். பறக்கிற தூரத்துக்குத் தக்கபடி அதில் பாயிண்டு ஏறும். சேர்ந்த பாயிண்டைக் கொடுத்தால் முன் சீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். கவுண்டரில் இருந்த பெண் இதைப் பொறுமையாக விளக்கினாள். சுழியார் குறுக்கே விழுந்தார்.

"தூரத்தை யாரும்மா அளக்கிறது?"

"நாங்கதான் சார்."

"நாங்க பாக்காதப்ப நீங்களே அளந்து, நீங்களே எழுதிக்கிருவீக. வானத்துல மைல்கல்லு இருக்கா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அதோடு விட்டாரா? மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போட்டுக் கையை மூடி, உள்ளே விரலைத் தொட்டுத்தான் பேரம். இவர் கவுண்டர் மேலாளரிடம் போய்த் தோள் துண்டை விரித்து, கையை உள்ளே விட்டு நீட்டிக்கொண்டே நின்றார். டை கட்டின அந்த மனுசன் முகம் வெளுத்துப் போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். துப்பாக்கி வைத்திருந்த காவலர் ஓடி வந்தார்.

"துண்டுக்குள்ள என்ன?"

"விரலு."

"எதுக்கு?"

"இந்தச் சீட்டு எம்புட்டுப் பாயிண்டுக்குப் படியும்னு கேக்கத்தான். நாலு பேரு கேக்க வெளிப்படையாச் சொன்னா அவருக்குத்தான நட்டம்?"

அன்றைக்கு எங்களைத் தனி அறையில் உட்கார வைத்து, துண்டை மட்டும் மூன்று தடவை மெஷினுக்குள் விட்டு எடுத்தார்கள். மூன்றாவது தடவை துண்டு வெளியே வந்ததும் சுழியார் அதை விரித்து, கிழிந்திருக்கிறதா என்று சோதித்து வாங்கிக்கொண்டார்.

சரி, எந்தக் கம்பெனிக் கார்டில் சேருவது? அமெரிக்காவில் இருக்கிற என் மகள் போனில் படித்துப் படித்துச் சொன்னாள். "அப்பா, ஒரே கம்பெனியாப் பாத்துச் சேருங்க. எல்லாப் பாயிண்டும் ஒரே இடத்துல சேந்தாத்தான் சீட்டு மாத்துவாங்க." சுழியார் காதில் இது விழுந்தது.

"பத்து மாடு வச்சிருக்கிறவன் பத்தையும் ஒரே சந்தையிலயா கொண்டுபோய்க் கட்டுவான்? அன்னைக்குன்னு பாத்து மழை பேஞ்சா? அருப்புக்கோட்டையில நாலு கட்டணும், திருச்சுழியில மூணு, வீரசோழன்ல ரெண்டு, இன்னொரு சந்தையில ஒண்ணு. ஒண்ணு கவுத்தாலும் ஒண்ணு கை கொடுக்கும்."

எனக்கு அது ஞாயமாகப் பட்டது. என்னதான் மகள் படித்தவள் என்றாலும், சந்தையில் நின்று பழகினவர்கள் நாங்கள். நாலு கம்பெனியிலும் நாலு கார்டு எடுத்தேன். ஒரு தடவை செவலை, ஒரு தடவை மயிலை, அடுத்தது காரி என்று மாற்றி மாற்றிப் பறந்தேன். நாலு கார்டையும் சட்டைப் பையில் விசிறி மாதிரி விரித்து, கல்யாண வீடுகளில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறேன்.

இப்படியே வருசங்கள் போயின. போன வருசம் என் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருசம் கழித்து. பேறுகாலத்துக்கு அம்மா பக்கத்தில் வேணும் என்று போனில் அழுதாள். என் வீட்டுக்காரி பாக்கியத்துக்கோ அப்போதுதான் இடுப்பில் ஆபரேசன் முடிந்திருந்தது. மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "உக்காந்துக்கிட்டு இவ்வளவு தூரம் போகவே கூடாது. படுத்துக்கிட்டுப் போறதா இருந்தா மட்டும் போங்க."

முன் சீட்டுக்குக் காசு கட்டிவிடலாம் என்றேன். பாக்கியம் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "படுக்கிறதுக்கா அம்புட்டுக் காசு? அந்தக் காசை நெனச்சே எனக்கு மறுபடி இடுப்பு போயிரும். நான் வரல." அவள் வரல என்றால் வரலதான். கோடி ரூபாய்க்குக் கரி பேசுகிற வாய் என் வாய், வீட்டுக்குள் எடுபடாது.

"காசு வேண்டாம்டி, என்கிட்ட நாலு கார்டு இருக்கு" என்று மார்தட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை நெட் சென்டருக்குப் போனேன். அங்கே இருக்கிற கமலா, நாலு கார்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்குங்கய்யா. எதுலயும் சீட்டு மாத்துற அளவுக்கு இல்ல. பழைய பாயிண்டு பாதி காலாவதி ஆயிருச்சு."

"நாலையும் கூட்டிப் பாரும்மா."

"அதெல்லாம் கூட்ட முடியாதுங்கய்யா. வேற வேற கணக்கு."

டெலிவரிக்கு இரண்டு மாசம்கூட இல்லை. நான் நேரே பரளச்சிக்குப் போனேன். சுழியார் வேப்பமரத்தடியில் ஒரு காளையின் வாயைப் பிளந்து பல்லை எண்ணிக்கொண்டிருந்தார். ஊரே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"யோவ்! நாலு சந்தையில மாட்டைக் கட்டச் சொன்னீரே, நாலுலயும் இப்ப கயிறுதான்யா கிடக்கு! என் பொண்டாட்டி எப்படிய்யா மகளைப் போய்ப் பாப்பா?"

அவர் காளையின் வாயை மூடினார். கையைத் துடைத்தார். வீட்டுக்குள் போய் ஒரு பாலிதீன் பையை எடுத்து வந்தார். அதற்குள் ஒரு பை, அதற்குள் ஒன்று. கடைசியில் ஒரே ஒரு கார்டும் மடித்த காகிதமும் வந்தன. செவலைக் கார்டு.

"எல்லாம் இதுலதான் கிடக்கு" என்றார்.

"என்ன எல்லாம்?"

"நான் உங்ககூடப் பறந்ததெல்லாம். செவலையும் மயிலையும் காரியும் கூட்டுக் கம்பெனி. ஒரே தொழுவத்து மாடு. எதுல பறந்தாலும் பாயிண்டை ஒரே கார்டுல ஏத்திக்கலாம்னு அந்தக் கவுண்டரு புள்ள சொல்லுச்சு."

நான் கார்டைப் பிடுங்கினேன். "அப்ப என்னை மட்டும் ஏன்யா நாலு இடத்துல கட்டச் சொன்னீரு?"

"அந்தப் புள்ள சொன்னதை எப்படி நம்புறது? பொய்யாப் போச்சுன்னா உங்களுதும் சேந்துல்ல போயிரும். அதான் என்னுதை மட்டும் விட்டுப் பாத்தேன். போனா என்னோட போகட்டும்னு."

அவரையே கூட்டிக்கொண்டு மறுபடியும் கமலாவிடம் போனேன். ஒரே கார்டில் விடாமல் ஏறினதால் காலாவதி ஆகாமல் பாயிண்டு தாராளமாக இருந்தது. ஒரு ஆளுக்குப் போக வர முன் சீட்டு. ஆனால் கார்டுக்காரர் பாயிண்டை அடுத்தவருக்குக் கொடுப்பதென்றால், முன்கூட்டியே அவர் பேரைப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டுமாம். இப்போது சேர்த்தால் செல்லுபடியாக மாசக்கணக்கில் ஆகுமாம். கமலா திரையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"ஏற்கனவே ஒரு பேரு இருக்கே. பாக்கியம்."

"எப்பச் சேத்தது?"

"கார்டு எடுத்த அன்னைக்கே."

நான் சுழியாரைப் பார்த்தேன். அவர் சீலிங் ஃபேன் விழுந்துவிடுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"உறவுங்கிற இடத்துல, தங்கச்சின்னு போட்டிருக்கு" என்றாள் கமலா.

"என் பேரு இல்லையாம்மா?" என்று கேட்டேன். இருபது வருசமாக ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனவன் நான்.

சுழியார் முந்திக்கொண்டார். "உங்கள நம்பி எப்படி முதலாளி எழுதுறது?" அப்புறம் கமலா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சின்னு சொன்னதும் ஆதாரம் ஒண்ணும் கேக்காம எழுதிக்கிட்டாகம்மா. என்ன கம்பெனியோ!"

நானும் பாக்கியமும் கிளம்பினோம். அவள் முன்னாடி கட்டில் மாதிரி சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தாள். நான் பின்னாடி, இரண்டு மலை மாதிரி ஆளுகளுக்கு நடுவில், முழங்கால் தாடையில் இடிக்க வந்தேன். நடுவழியில் பணிப்பெண் வந்து, "உங்க வீட்டம்மா நல்லாத் தூங்குறாங்க" என்றாள். போதும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மகள் வீட்டுக்குப் போனதும் பாக்கியம் முதலில் கேட்டது போனைத்தான். சுழியார் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம்.

"யாரு?"

"பாக்கியம் பேசுறேன். நல்லபடியா வந்து சேந்துட்டோம்."

"எந்தப் பாக்கியம்? அம்புட்டுத் தூரத்துல இருந்து பேசுறது நீங்கதான்னு நான் எப்படி நம்புறது? ஏதாச்சும் அடையாளம் சொல்லுங்க."

பாக்கியம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சொன்னாள்.

"உங்க தங்கச்சிண்ணே."

அந்த மனுசன் மறுகேள்வி கேட்கவில்லை.