வசூலுக்குப் போன வீட்டுப் பிறந்தநாள்

பயந்தவன் கடன் வசூலிக்கப் போகக்கூடாது. நான் போனேன். (வேறு வேலை கிடைத்திருந்தால் போயிருப்பேனா?)

தொண்ணூறுகளின் நடுவில், ஆக்லாந்தில், ஊரில் கணக்காளராயிருந்த எனக்கு அலைந்து அலைந்து கிடைத்தது ஒரு வசூல் கொம்பனி. குற்ற வழக்கில் மாட்டியவருக்கு அரசாங்கம் வக்கீல் வைத்துக் கொடுக்கும். செலவில் ஒரு பங்கை அவர் கட்டவேண்டும். கட்டாதவர்களின் கதவைத் தட்டுவது என் வேலை. முதல் வாரம் தட்டியதோடு சரி. "சனிக்கிழமை ஒருவரிடமாவது வாங்கு. இல்லாவிட்டால் திங்கள் வராதே" என்றார் மேலாளர்.

இந்த வேலை நிலைத்தால்தான் என் மனைவி சாந்தி கோழித் தொழிற்சாலையின் இரவு வேலையை விடலாம்.

"இஞ்சரப்பா, வாசலிலை நிண்டு நடுங்காமல் கதையுங்கோ" என்று அனுப்பினாள்.

ஆக்லாந்தின் தெற்குப் பக்கம், மனுகாவில் ஒரு வீடு. ஆள் முனுசாமி, பீஜி இந்தியர். வழக்கு: ஒருவரின் தாடையைப் பெயர்த்தது. என் தாடையைத் தடவியபடி மணியை அழுத்தினேன். கதவு திறந்ததா, அவரே கதவா என்று தெரியவில்லை.

"வா, வா! சாப்பாடு சாப்பிடு!" அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். கையைப் பிடித்து கராஜுக்குள் இழுத்துப் போனார். பலூன்கள், கேக், மகளின் முதல் பிறந்தநாள். எனக்கோ தமிழ் முகம், கழுத்தில் டை; யாரோ அழைத்த விருந்தாளி என்றே நினைத்துவிட்டார்.

"நான்... பணம்..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

"முதலில் குடி, பிறகு பேசு" என்று சிரட்டையை நீட்டினார். கிரொக், பீஜிக்காரர் பாயில் சுற்றியிருந்து குடிக்கும் சேற்று நிற வேர்த்தண்ணீர். மறுத்தால் அடிப்பாரோ என்று நீட்டியதையெல்லாம் குடித்தேன். நாக்கு மரத்துப்போனது. துணிச்சல் வந்தபோது நாக்கு இல்லை!

கேக் வெட்டினார்கள். எல்லோரும் குழந்தைக்கு என்வலப் கொடுத்தார்கள். வெறுங்கையோடு நிற்க எனக்குக் கூச்சம். சாமான் வாங்க வைத்திருந்த இருபது டொலரைக் குழந்தையின் பிஞ்சுக் கையில் திணித்தேன். முனுசாமி என்னை இறுகக் கட்டிக்கொண்டார்.

"ஏதோ பணம் என்றாயே, நண்பா?"

"இதைத்தான்" என்றேன்.

வீட்டு வாசலிலேயே சாந்தி கேட்டாள்: "வாங்கினியளோ?"

"குடுத்திட்டன்."

திங்கட்கிழமை வேலை போனது. அவள் பின்னும் சில வருடங்கள் இரவில் குளிர் அறையில் கோழி வெட்டினாள். இன்றைக்கும் எங்காவது கொண்டாட்டத்துக்குப் புறப்பட்டால், "இஞ்சரப்பா, குடுக்கப் போறமோ, வாங்கப் போறமோ?" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், குளிர்காலத்தில் மடங்காத அவளுடைய விரல்களைப் பார்க்காமல்.