ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க

உங்கள் தெருவில் இவர் இருக்கிறார். இல்லை என்று சாதிக்காதீர்கள், இருக்கிறார். காலையில் பால் வாங்கப் போகிற உங்களை மடக்கி, "ஏனுங்க, இந்தப் பாக்கெட் பால் வந்தது நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்று கேட்பார். பால் என்றால் காய்ச்சிக் குடிப்பது என்று மட்டும் நினைத்திருந்த நீங்கள் திருதிருவென்று விழிப்பீர்கள். விழித்தால் விடுவாரா? "அதெல்லாம் வேண்டாமுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!" இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் இரட்டைப் பெட்டிக்காரர். உலகத்தில் உள்ள அத்தனையையும் போட்டு மூட அவரிடம் இரண்டே பெட்டிகள்தான் உண்டு. ஒன்றின் மேல் 'வாழ்க', இன்னொன்றின் மேல் 'ஒழிக'. மூன்றாவது வாங்க மாட்டார். இடத்தை அடைக்குமாம்.

இந்த இனத்தின் கலப்படமற்ற மாதிரி ஒன்று கோயமுத்தூரில் கணபதி என்ற பகுதியில், என் கடைக்கு அடுத்த கடையிலேயே இருக்கிறது. பெயர் தம்பிதுரை. தொழில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. அவருடைய பட்டறைக்கு வரும் மோட்டார் ஓடும், இல்லாவிட்டால் எரிந்திருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று எந்த மோட்டாரும் அவரிடம் சொன்னதில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு கேபிள் வந்ததிலிருந்து மனிதருக்குக் கை கொள்ளாத வேலை. சுடிதார், நைட்டி, இங்கிலீஷ் மீடியம், அழகிப் போட்டி, கல்யாண மண்டபத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றபடியே சாப்பிடும் பஃபே என்று ஒவ்வொன்றாக வந்து இறங்க இறங்க, ஒவ்வொன்றையும் மோட்டாரைப் போலவே டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து, எரிகிறதா இல்லையா என்று அன்று சாயங்காலத்துக்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டுமே! அவர் சொல்லாவிட்டால் பண்பாட்டுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

எதிர்க்கடை டெய்லர் ரசாக் பாய் ஒருநாள் மாட்டிக்கொண்டார்.

"ஏனுங்க பாய், கேபிள் டி.வி. நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"நியூஸ் பாக்க நல்லதுங்க. பசங்க பரீட்சைக்குப் படிக்கறப்பக் கெட்டதுங்க."

"அப்ப நீங்க வழவழா கொழகொழாங்க."

ரசாக் பாய் கோபித்துக்கொள்ளவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இருக்கட்டுங்க. உங்க சட்டை டைட்டா வேணுமா, லூசா வேணுமா?" என்று கேட்டார். "நடுத்தரமா தைங்க" என்றார் தம்பிதுரை, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் என்றால் முதல் வரிசையில் அவர்தான். ஆனால் நடுவர் எழுந்து, "இரண்டு அணியிலும் நியாயம் இருக்கிறது" என்று ஆரம்பித்ததும் செருப்பைத் தேடுவார். எறிய அல்ல, மாட்டிக்கொண்டு கிளம்ப. கருத்தை மாற்றிக்கொள்ளவே மாட்டாரா என்று கேட்பீர்கள். தாராளமாக மாற்றிக்கொள்வார். 'ஒழிக' பெட்டியில் கிடந்த கேபிள், அதில் கிரிக்கெட் வந்த அன்றே 'வாழ்க' பெட்டிக்குக் குடிபோய்விட்டது. வழியில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

இதெல்லாம் கடைவீதியோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அவருக்கு அன்புக்கரசி என்று ஒரே மகள். காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிற கெட்டிக்காரி. அவளைப் பார்க்க வந்த இரண்டு வரன்களை அப்பா வாசலோடு வழியனுப்பிவிட்டார். ஒருவன் அழகிப் போட்டி விஷயத்தில் தப்பான கட்சி. இன்னொருவன் சரியான கட்சிதான், ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னான். மூன்றாவது வரன் காரமடையிலிருந்து வருகிறது என்றதும் அவர் மனைவி குழந்தையம்மாள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, நீங்க பக்கத்துலயே உக்கோந்து இவர் வாயப் பாத்துக்கோங்க. இதும் போச்சுன்னா என் புள்ளைக்கு நான் என்ன சொல்றதுங்க?" என்று கண்கலங்கிவிட்டார். எனக்கும் கஷ்டமாகிவிட்டது. போனேன்.

மாப்பிள்ளைப் பையன் கௌதமன், பள்ளிக்கூடத்தில் தாவரவியல் வாத்தியார். கூட வந்தவர்கள் அப்பா மாசாணமும் அம்மா சின்னாத்தாளும். பெண் வந்தாள், கும்பிட்டாள், காபி கொடுத்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது தம்பிதுரை தொண்டையைக் கனைத்தார். நான் அவர் தொடையைக் கிள்ளினேன். பலனில்லை.

"ஏனுங்க தம்பி, நம்ம பண்பாடு வளருதுங்களா, அழியுதுங்களா?"

கௌதமன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். "எதைச் சொல்றதுங்க? எங்கப்பாரு சின்ன வயசுல டீக்கடையில தனி கிளாசுலதான் குடிச்சாருங்க. அது ஒழிஞ்சா நல்லதுதானுங்க. எங்கம்மா பாடற கும்மிப்பாட்டு எனக்கு ஒரு வரி தெரியாதுங்க. அது போறது கெட்டதுங்க."

அந்தத் தனி கிளாசில் தம்பிதுரையும் குடித்தவர்தான். அவர் முகம் மாறியதைப் பார்த்து, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றே நினைத்தேன். ஆனால் பழக்கம் விடுமா?

"சரிங்க, ரெண்டையும் கூட்டிக் கழிச்சு மொத்தத்துல என்னங்க?"

"அதுதான் கழிக்க வரலீங்க மாமா."

மாமா! முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டான். சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது. தம்பிதுரை காதில் அது விழவே இல்லை. அவர் பஃபேக்குத் தாவி, அங்கிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய், சுடிதாரைத் தொட்டபோது மணி ஒன்று. "எனக்கு நின்னுக்கிட்டுத் திங்க வராதுங்க, மொளங்கால் வலியில கீழயும் உக்கோர முடியாதுங்க" என்று சின்னாத்தாளும் பஃபேயில் ஒரு கை போட்டார். சண்டை சூடு பிடித்த நேரத்தில் தம்பிதுரை எழுந்து கௌதமனின் கையைப் பிடித்து, "தம்பி, உங்கள உடமாட்டேனுங்க. வாங்க, சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்!" என்று இழுத்துக்கொண்டு போய் இலையில் உட்கார வைத்துவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடிக்கலாம், மிக்சர் கொறிக்கலாம். இலை போட்டுச் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் கை நனைத்தாகிவிட்டது, இரு தரப்புக்கும் சம்மதம் என்று அர்த்தம். வரன் எப்படியாவது அமையட்டும் என்ற ஆசையில் குழந்தையம்மாள் வடை பாயசத்தோடு சமைத்துத்தான் வைத்திருந்தார். பேச்சு வேகத்தில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். பாயசத்தை ஊற்றியதே தம்பிதுரைதான். மாசாணம் இரண்டாம் தடவை ரசம் கேட்டபோதுதான் குழந்தையம்மாள் வாயில் கையை வைத்தார்.

"ஐயோ சாமி, கை நனைச்சுப்போட்டாங்களே!"

மாசாணத்தின் கை ரசத்தோடு அந்தரத்தில் நின்றது. தம்பிதுரை என்னைத் தனியே இழுத்துப் போனார். "என்னங்க இது? பையன் ஆகாதுன்னு முடிவே பண்ணீட்டனுங்க. ஒரு கொள்கை கெடையாது!"

"ஆகாதவனுக்கு எதுக்குங்க பாயசம் ஊத்துனீங்க?"

பாவம், மனிதர் வியர்த்துப்போனார். வேண்டாம் என்று முடிவு பண்ணியாகிவிட்டது, வேண்டும் என்று விருந்தும் போட்டாகிவிட்டது. இரண்டு பெட்டியிலும் ஒரே மாப்பிள்ளை.

வேறு வழியில்லாமல் மகளைக் கூப்பிட்டார். அவள் கை கழுவுகிற குழாயடியில் கௌதமனோடு பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு கை கழுவ அவ்வளவு தண்ணீர் தேவையே இல்லை. "கண்ணு, ஒரே வார்த்தை. ஆமாவா, இல்லையா?"

"அவரு பேச்சு புடிச்சுதுங்கப்பா. ஆனா கல்யாணத்துக்கப்பறம் நான் வேலைக்குப் போலாமான்னு கேட்டதுக்குப் 'பாக்கலாம்'னாரு. அது புடிக்கலீங்க."

தம்பிதுரை துள்ளிவிட்டார். "பாத்தியா! அதுல மட்டும் ரெண்டுல ஒண்ணு சொல்லியிருக்கோணுமா இல்லையா?"

"அதுல சொல்லியிருக்கோணுங்கப்பா" என்றாள் அன்புக்கரசி. "அதுக்குத்தான் இன்னொருக்கா பேசோணுங்கறேன். பேசிப்போட்டுச் சொல்றேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் இருவரும் சந்திப்பது என்று ஏற்பாடாயிற்று. அன்று தம்பிதுரை கடையைத் திறந்துவைத்துக்கொண்டு, கட்டின காயிலையே பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் என்னிடம் வந்து, "பயமா இருக்குதுங்க. இல்லைன்னுட்டா புள்ள மனசு என்னாகும்னு பயம். ஆமான்னுட்டா ஊட்டை உட்டுப் போயிருவாளேன்னு பயம்" என்றார். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அந்த மனிதர் தவித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவரை ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

மத்தியானம் அன்புக்கரசி டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். வேலையைப் பற்றி அவன் என்ன சொன்னான், அதில் எது வரைக்கும் இவளுக்குச் சரி, எந்த இடத்தில் சரியில்லை, அதற்கு இவள் என்ன கேட்டாள், அவன் எங்கே மழுப்பினான், எங்கே மழுப்பவில்லை என்று நிதானமாக, ஒன்றுவிடாமல் சொன்னாள். தம்பிதுரை ஸ்டூலில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். அதை உங்களுக்கும் அப்படியே சொல்ல ஆசைதான். ஒரு அரை மணி நேரம் ஆகும்.

என்னது? அதெல்லாம் இருக்கட்டும், கல்யாணம் நடந்ததா இல்லையா, அதை மட்டும் சொல்லும் என்கிறீர்களா?

வாருங்கள், இரட்டைப் பெட்டிக்காரரே, வாருங்கள். தம்பிதுரை இப்போதுதான் எழுந்து போனார், அந்த ஸ்டூல் காலியாகத்தான் இருக்கிறது.