நாலு பக்க மனிதர்

“என் அனுபவத்தை நாலு பக்கத்துக்குக் குறைச்சு எழுத எவனாலயும் முடியாது. என்னாலயே முடியாது!”

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நின்று ஒருவர் இப்படிச் சூளுரைத்தால், வாசகரே, பதறாதீர்கள். அவர் ரெஸ்யூமே எழுதும் இனத்தைச் சேர்ந்தவர். ஆபத்தில்லாத பிராணி. வேலை தேடும் காலத்தில் மட்டும் இங்கிலீஷில் உறுமும்.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார். அந்தச் சூளுரைக்குப் பிறகு அவருக்கு ‘நாலுபக்கம்’ என்றே பேர். கண்ணாடி டம்ளர்களும் கிண்ணங்களும் வந்து இறங்கும் கோடவுனில் எட்டு வருஷம் பெட்டிகளை இறக்கி, அடுக்கி, ஏற்றி அனுப்பினார். கோடவுனை மூடிவிட்டார்கள். நாலு மாதமாக வீடு அவர் மனைவியின் தையல் மெஷினில் ஓடுகிறது. அந்த மெஷினும் போன வாரத்திலிருந்து இருமத் தொடங்கிவிட்டது.

செய்த வேலையைச் செய்தபடியே எழுதினால் பாவம் என்பது இந்த இனத்தாரின் நம்பிக்கை. பெட்டி அடுக்கியது ‘இன்வென்டரி ஆப்டிமைசேஷன்’ ஆகும், லாரி டிரைவரிடம் “பின்னால வா, பின்னால வா, நில்லுய்யா!” என்று கத்தியது ‘டிரான்ஸ்போர்ட் கோஆர்டினேஷன்’ ஆகும், கூரை ஒழுகிய இடத்தில் வாளி வைத்தது ‘டிசாஸ்டர் மேனேஜ்மென்ட்’ ஆகும், மேனேஜர் பல்வலி என்று போன ஒரு மத்தியானம் சாவிக்கொத்து இவர் பாக்கெட்டில் கிடந்ததே, அது ‘ஸ்ட்ராட்டஜிக் லீடர்ஷிப்’ ஆகி, தடித்த எழுத்தில், முதல் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஒழுகல் நின்றதா? அதை யார் கேட்டார்கள்?

“டீ வாங்கிட்டு வந்ததக்கூடவா எழுதியிருக்கீங்க?” என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

“அது டீ இல்ல. எம்ப்ளாயீ வெல்ஃபேர்.”

“எட்டு வருஷத்துல ஒரு டம்ளர்கூட உடைக்கல நீங்க. அத எழுதுங்களேன்.”

“உடையலங்கறது ஒரு வேலையா? நடக்காதத எப்படிம்மா எழுதறது?”

“நாலு பக்கமும் அதத்தானே எழுதி வச்சிருக்கீங்க!”

மூன்று கம்பெனிகள் பதில் போட்டன: ‘தங்கள் தகுதிக்கேற்ற பதவி எங்களிடம் இல்லை.’ வேறு யாராவது என்றால் ஒடிந்துபோயிருப்பார்கள். நாலுபக்கம் அதை ஜெராக்ஸ் கடைக்காரருக்கு உரக்க வாசித்துக் காட்டினார்.

“பாத்தீங்களா? என்னை வச்சுக்கற அளவுக்கு அவங்க இன்னும் வளரல!”

“அவங்க வளர்ற வரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன சார் உத்தேசம்?”

அதற்குப் பதில் நாலு பக்கத்திலும் இல்லை.

நாலாவது இடத்தில் நேரில் கூப்பிட்டார்கள். பீங்கான் தட்டு மொத்த வியாபாரம். வாசல் பெஞ்சில் அவர் காத்திருக்கிற இந்த நேரத்தில், சிரித்துக்கொண்டிருக்கும் நீங்கள் உங்கள் ரெஸ்யூமேயைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன். இரண்டாம் பக்கம், மூன்றாவது வரி. அந்த ‘டீம் மேனேஜ்மென்ட்’டில் டீம் என்று இருந்தது நீங்கள் ஒருவர்தானே? இருக்கட்டும், யாரிடமும் சொல்ல மாட்டேன். அதோ, அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

முதலாளியம்மா நாலு பக்கத்தையும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு, கும்பிடாத குறையாகச் சொன்னார்:

“சார், இதுல இருக்கறவர் வந்தா நாங்கல்லாம் எழுந்து நிக்கணும். எங்களுக்கு வேண்டியது தட்டு உடையாம பெட்டி அடுக்க ஒரு ஆள். போன மாசம் மட்டும் அறுபது தட்டு போச்சு. உங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது.”

தாள்கள் மேஜைமேல் நகர்ந்து திரும்பி வந்தன. நாலுபக்கம் எழுந்தார். கதவுவரை போனார். தையல் மெஷின் இருமுவது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பி வந்தார்.

“அந்த ஆள் நான்தாங்கம்மா.”

“அப்ப இது யாரு?”

நாலுபக்கம் தாள்களை மடித்துப் பையில் திணித்தார். முதலாளியம்மா ஒரு விண்ணப்பத்தை அவர் பக்கம் தள்ளினார். ‘முன் அனுபவம்’ என்ற இடத்துக்கு எதிரே ஒரே ஒரு கோடு. அவர் பேனாவை எடுத்தார்.

‘எட்டு வருஷம் கண்ணாடிச் சாமான் அடுக்கினேன். ஒன்றும் உடையவில்லை.’

கோட்டில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.