விரல் பொறுக்கிற சூடு

“என் அடுப்புல அந்தச் சாராயத்தை ஏத்துனீங்கன்னா, நாளையிலேருந்து ஜப்பான்காரரே வந்து உங்களுக்குச் சோறாக்கிப் போடட்டும்” என்றாள் தையல்நாயகி.

வேங்கடேசன் பாட்டிலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான். “சாராயம் இல்லடி, சாக்கே. அரிசியில செஞ்சது. அவங்க ஊர்ல விருந்தாளிக்கு இதைச் சுட வெச்சுத்தான் ஊத்துவாங்களாம்.”

“அரிசியில செஞ்சா போலீசு சும்மா வுட்டுடுமா?”

நியாயமான கேள்விதான். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். பாட்டில் புதுச்சேரியிலிருந்து வைக்கோல் வண்டியில் ஒளிந்து வந்திருந்தது. ஆனால் வேங்கடேசனுக்கு வேறு வழியில்லை. ஜப்பான் நெல் நிபுணர் மொரிட்டா மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். வந்திருக்கும் ஒரே உழவு இயந்திரம் வளவனூர் வேங்கடேசனுக்கா, பெருமுக்கல் வெங்கடாசலத்துக்கா என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஜப்பான் முறையில் கயிறு பிடித்து நாற்று நட்டபோது ஊரே இவனைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பை இயந்திரத்தால் உழுது மண்ணுக்குள் தள்ளாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

பாட்டில் வாங்கித் தந்த ராயப்பன் பக்குவமும் சொல்லியிருந்தான். “அடுப்புல வெக்காத. வெந்நீர்ல நிறுத்து. வெரல் பொறுக்குற சூடு போதும்.”

கொல்லையில் குளிக்க வைத்திருந்த வெந்நீர் அண்டாவில் பாட்டிலை நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் தக்கை ‘டப்’பென்று பறந்தது. வாசனை வேலியைத் தாண்டியது.

வாசனையை அடக்கச் சாம்பிராணி போட்டான். அந்தப் புகையோ தெருவையே கூப்பிட்டது. முதலில் வந்தவர் எதிர்வீட்டு ஏட்டு மாசிலாமணி. அதுவும் யூனிபாரத்தில், விறுவிறுவென்று.

“என்னாப்பா, வெள்ளிக்கெழமை கூட இல்ல. இவ்ளோ சாம்பிராணி?” கண் அண்டாவுக்குள் போனது. “அது என்னா?”

“தைலம், ஏட்டய்யா! முட்டிவலித் தைலம்!”

“அய்யோ, அம்மா!” என்று உடனே முனகியபடி ஏட்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். போலீஸ் அரைக்கால் டவுசருக்குக் கீழே இரண்டு முட்டிகளும் தயாராக இருந்தன. “ஜல்தி தேய்ச்சு வுடு.”

வேங்கடேசன் சொட்டுச் சொட்டாக விட்டான்.

“கவர்மெண்டு முட்டிப்பா இது. தாராளமா ஊத்து.”

“காரமான தைலம், ஏட்டய்யா. சொட்டு போதும்.”

“அந்த முட்டி உங்கப்பன் வந்து தேய்ப்பானா? ஊத்து.”

முட்டி முடிந்து கணுக்கால், கணுக்கால் முடிந்து குதிகால். கடைசிச் சொட்டும் தீர்ந்ததும், “பாட்டிலைக் குடு, ஒட்டிக்கினு இருக்கறதை வூட்ல வழிச்சுக்கிறேன்” என்று அதையும் பிடுங்கிக்கொண்டு பின்பக்கமாகவே போய்விட்டார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. மொரிட்டா இறங்கினார், விவசாய ஆபீசர் இறங்கினார், கூடவே ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் இறங்கினார். இன்ஸ்பெக்டர் நேராகக் கொல்லைக்குப் போய் அண்டாவை எட்டிப் பார்த்து, சாம்பிராணிக்கு நாலு தும்மல் தும்மிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஊத்தறதுக்கு ஒண்ணும் இல்லையே!” அடுப்படியில் வேங்கடேசனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“எதுக்கு இந்தப் பேஜாரு? ரெண்டும் அரிசிதானே” என்ற தையல்நாயகி, சூடான வடிகஞ்சியில் உப்புப் போட்டு, சாக்கேவுக்காக எடுத்து வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள்.

மொரிட்டா குடித்தார். கண்ணை மூடினார். என்னவோ சொன்னார்.

“காய்ச்சல்ல படுத்தா இவங்கம்மா இதைத்தான் குடுப்பாங்களாம்” என்றார் ஆபீசர். “கிண்ணம் வேணாமாம். சொம்போட கேக்குறாரு.”

சொம்பைக் காலி செய்துவிட்டு மொரிட்டா வயலுக்குப் போனார். கயிறு பிடித்த வரிசைகளைப் பார்த்ததும், வரப்பிலேயே நின்று வேங்கடேசனுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்.

அடுத்த மாதம் இயந்திரம் வளவனூருக்கு வந்தது. சிரித்த ஊர் மாலையோடு நின்றது. வேங்கடேசன் மாப்பிள்ளை மாதிரி இயந்திரத்தின் பிடியைப் பிடித்துக்கொண்டு உழுதான். சந்தோஷம் தாங்கவில்லை. அப்போது மாசிலாமணி வாய்க்காலை ஒரே தாவாகத் தாண்டி ஓடி வந்தார்.

“ஏட்டய்யா! தைலம் நல்லா வேலை செஞ்சிருக்கே!”

ஏட்டு அவன் காதருகே குனிந்தார்.

“பெருமுக்கல்காரன் துப்பு குடுத்து, இன்ஸ்பெக்டரு சோதனைக்கு வந்துக்கினு இருந்தாரு, மத்தபடி எனக்கு ஏதுப்பா முட்டிவலி?”