எல்லாருக்கும் முழுப் பேர்

படித்தவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த சொல் என்றால் யாரையும் கேட்க மாட்டோம். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில் நடந்தது இது. 'பேர்' என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் ஒரு தோட்டத்தையே மழையில் நிறுத்தி வைத்தவள் நான். (பட்டதாரி. கணித டீச்சர். இன்னும் தகைமைகள் இருக்கின்றன, கேட்டால் சொல்வேன்.)

எங்கள் வீடு பதுளை டவுனில். அப்பா பிறந்தது நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில். சின்ன வயதிலேயே டவுனுக்கு இறங்கி, ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்று, மெல்ல மெல்லத் தனக்கென்று ஒரு கடை போட்டவர். அம்மா எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்: தோட்டத்துப் பேச்சு வாசலோடு நிற்க வேண்டும். நாங்கள் நாலு பேர் மதிக்கிற மாதிரி வளர வேண்டுமாம். வளர்ந்தோம். ஆசிரியர் நியமனம் கிடைத்து நான் நமுனுகுல மலையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, என் சொந்தச் சனம் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய மாதிரித் தலையாட்டப் பழகிக்கொண்டேன்.

"நான் எறங்கி வந்த மலைக்கே ஒன்ன ஏத்தி வுட்டுட்டானுங்களே" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

அங்கே நான் கரும்பலகையில் ஒரு பெட்டி சோக்குக்கூட எழுதி முடித்திருக்க மாட்டேன், கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். இனி எல்லாம் ஒன்லைன் என்றார்கள். வெளியில் கவலைப்பட்டாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரே புளகாங்கிதம். இன்டர்நெட் வந்துவிட்டால் மலையில் இருக்கிற பிள்ளையும் கொழும்பில் இருக்கிற பிள்ளையும் ஒன்றுதான் என்று முகநூலில் நீளமாக எழுதினேன். லைக் போட்டவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள்.

மலையில் நிலவரம் வேறு. ஒரு லயத்துக்கே ஒன்றோ இரண்டோ நல்ல போன். அதுவும் யாரோ ஒரு மாமாவுடையது, அண்ணனுடையது. வீட்டுக்குள் கவரேஜ் கிடையாது. மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டுக்கு ஏறினால் ஒரு கோடு வரும், மழை பெய்தால் அதுவும் போகும். பிள்ளைகள் அந்த மேட்டில் குந்தியிருந்துதான் என் சூம் வகுப்புக்கு வந்தார்கள். இரவல் போன் என்பதால், போன்காரர் போட்டு வைத்த பெயர்தான் திரையில் விழும். என் வகுப்பில் 'சிங்கம்' என்று ஒருவன், 'ரஞ்சித் மாமா' என்று ஒருத்தி, 'லவ் ஃபெயிலியர்' என்று ஒருத்தி.

"லவ் ஃபெயிலியர், விடையைச் சொல்லுங்கள்" என்று ஒரு நாள் நான் கேட்டதை, பக்கத்து அறையில் அம்மா கேட்டுவிட்டார். அன்று எனக்கு மத்தியானச் சாப்பாட்டோடு அறிவுரையும் கிடைத்தது.

'ரஞ்சித் மாமா' என்கிற பெயரில் வருபவள் செல்வி. பதினோராம் வகுப்பு, சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை. கணக்கு அவளுக்குத் தானாக வரும். நான் பாதி எழுதும்போதே விடையைச் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்படுவாள். அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குக் கேட்டு ஆள் வந்து போயிருந்தது. பள்ளிக்கூடமும் இல்லை, சும்மாதானே இருக்கிறாள் என்று அவள் அம்மா ராசம்மாவும் அரை மனதாகச் சரி என்றிருந்தார். பஸ் ஓடத் தொடங்கியதும் அனுப்புவதாகப் பேச்சு. பரீட்சை முடியும்வரை பொறுக்கச் சொல்லி நான் போனில் கெஞ்சினேன்.

"பாப்போங்க டீச்சர்" என்றார் ராசம்மா. செல்வியின் பரீட்சை அந்தப் 'பாப்போங்க'வில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சார், தோட்டப் பள்ளிக்கூடமொன்றின் ஒன்லைன் வகுப்பைப் பார்க்க வேண்டும் என்றார். அதிபர் என் பெயரைச் சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் வருகிற சார் திரையில் 'லவ் ஃபெயிலியர்' என்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? வகுப்புக் குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டேன். மேடைப் பேச்சுக்குப் பயிற்சி எடுத்த குரலில்:

"பிள்ளைகளே! ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு எல்லாரும் முழுப் பேர் போட வேண்டும். அரைப் பேர் என்ற கதையே என்னிடம் இல்லை. கடைசி வரைக்கும் இருப்பவர்களுக்கு நான் கட்டாயம் பேர் போடுவேன். அம்மா அப்பாவுக்கும் சொல்லுங்கள்!"

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன அளவு தேயிலைக் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். 'இன்னைக்கிப் பேர் விழுந்துச்சா?' என்பதுதான் அங்கே பின்னேரம் ஒருவரையொருவர் கேட்கிற கேள்வி. லயத்தில் தவழுகிற குழந்தைக்கும் அது தெரியும். எனக்குத் தெரியாது. நான் சொன்னது வரவுப் பதிவேட்டில் பேர் போடுவதை.

குரல் பதிவை லயம் முழுக்கச் சத்தமாகப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அது நிவாரணம், கொடுப்பனவு என்று ஏதேதோ அறிவித்துக்கொண்டிருந்த காலம். அரசாங்கம் இதற்கும் கொடுக்கிறதாக்கும் என்று சனம் நம்பியது. அதிலும் டீச்சர் அரைப் பேரே இல்லை என்கிறார்!

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மடிப்புக் கலையாத சேலை கட்டிக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். வழக்கமாக ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். அன்றைக்குத் திரை நிறைந்து அடுத்த பக்கத்துக்கும் போயிற்று. அத்தனையும் முழுப் பெயர்கள்! கருப்பையா ராசம்மா. சின்னசாமி மாரியாயி. அதெல்லாம் பிள்ளைகளின் அம்மாமார் பெயர் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் இலக்கமும் போட்டிருந்தார்கள். பரீட்சைச் சுட்டிலக்கமாக இருக்கும், என்ன பொறுப்பான பிள்ளைகள் என்று உருகிப்போனேன். (அது தோட்டத்துச் செக்ரோல் இலக்கம். பேர் பதிகிற இலக்கம்.)

வலயத்து சாரும் வந்து உட்கார்ந்தார். நான் இருபடிச் சமன்பாட்டைத் தொடங்கினேன்.

"மாரியாயி, எக்ஸ் என்றால் என்ன?"

"வந்திருக்கேங்க!" என்று ஒரு கட்டைக் குரல் கேட்டது.

மற்ற நாட்களில் வகுப்பு பாதியில் கரைந்துவிடும். அன்று ஒருவரும் போகவில்லை. மேட்டில் மழை கொட்டுவது திரையில் தெரிந்தது. ஒரு போனுக்கு மேல் நாலைந்து பேராக மழைக்குப் படங்குச் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் கற்பித்தல் அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். இப்போது அதை எழுதும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

முடியும் நேரத்தில் சார் நெகிழ்ந்துபோய், பெற்றோர்களும் வந்திருப்பதைப் பார்க்கிறேன், யாராவது ஒருவர் பேசுங்கள் என்றார். திரையில் ராசம்மாவின் முகம் பெரிதாக வந்தது. தலைத்துண்டிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாங்களா? எங்களுக்குப் பேர் விழுந்துருச்சுங்களா?"

அவர் பெயர் எனக்குத் திரையில் தெரிகிறதா என்று கேட்கிறார் என நினைத்தேன். "விழுந்திருக்கிறது அம்மா. எனக்கு நன்றாகத் தெரிகிறது."

"முழுப் பேருங்களா?"

"முழுப் பேர்தான். இங்கே இருக்கிற எல்லாருக்கும் முழுப் பேர்!"

மேட்டில் கைதட்டல் எழும்பியது. யாரோ விசில் அடித்தார்கள். சாரும் கைதட்டினார். நான் இரண்டு கையையும் கூப்பி, கழுத்தைச் சாய்த்து, அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டேன். சம்பள உயர்வு வாங்கிக் கொடுத்த தொழிற்சங்கத் தலைவருக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது.

சம்பள நாளில் பெண்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போய், "ஒன்லைன் பேரு எங்கங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். கிளாக்கருக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பு தொழிற்சாலை வரைக்கும் கேட்டதாம். கதை மறுநாளே அதிபர் வழியாக எனக்கு வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் புரையேறும்வரை சிரித்தார். "அடி பாவி, எல்லாருக்கும் முழுப் பேரா? தொரைகூட அப்புடிச் சொன்னதில்லையே!" என்றார். பிறகு, தட்டைப் பார்த்தபடி, "எங்கம்மாவுக்கு அரைப் பேர் விழுந்த அன்னைக்கி ஒலை வைக்க மாட்டாங்க" என்றார். அது வரைக்கும் அப்பா எங்களிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவும் அன்றைக்கு அவரைத் தடுக்கவில்லை.

எனக்குச் செல்வியின் நினைவு வந்தது. பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. முதல் பஸ்ஸில் ஏறி மலைக்குப் போனேன்.

ராசம்மா என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

"நீங்க என்னங்க செய்வீங்க, ஒங்களுக்குத் தெரியாது. அந்தக் கொழும்பு ஆளுகிட்ட, எம் மவளுக்கு இங்கயே பேரு இருக்கு, படிச்சுக்கிட்டே பேரு வருது, அனுப்ப மாட்டேன்னு சொல்லிப்புட்டேன். அவன் ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போனான். இப்ப மறுபடி வரச் சொல்லியிருக்கேன்."

"பரீட்சை வரைக்கும் மட்டும் வையுங்கள் அம்மா. நான் ஏதாவது..."

"எத்தன பேருக்கு டீச்சர் நீங்க பாப்பீங்க?" என்றார் ராசம்மா.

செல்வி என்னை பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். நான் வெட்கத்தோடு, "எனக்கு அந்தச் சொல் உண்மையிலேயே தெரியாது, செல்வி" என்றேன்.

"எனக்குத் தெரியுங்க டீச்சர்" என்றாள். "வொய்ஸ் கேட்ட ஒடனேயே வெளங்கிருச்சு, நீங்க வெறும் பேரத்தான் சொல்றீங்கன்னு. அம்மா டேட்டாவுக்கு ரீலோட்டெல்லாம் போட்டுக் குடுத்துச்சு. சொல்லிருந்தா அனுப்பிருவாங்கல்ல. அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அத்தனை சனத்தில் அந்தத் தவறு தெரிந்திருந்தவள் அவள் ஒருத்திதான். அது எத்தனை நாள் தாங்கும் என்றும் தெரிந்து வைத்திருந்தாள். நான் பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் மீதிக் காசுக்கு அழுகிறேன் என்று நினைத்து அவசரமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

செல்வி கொழும்புக்குப் போனாள். ஆனால் வகுப்புக்கு வந்தாள். அந்த வீட்டில் வைஃபை இருந்தது. கமராவை மூடி வைத்து, தன் முழுப் பெயரைப் போட்டு வருவாள். முதல் தடவையாக அவள் குரல் உடையாமல் எனக்குக் கேட்டது. மழையில்லை, மேடு ஏறத் தேவையில்லை, நான் முகநூலில் எழுதியது அப்படியே நடந்தது. பின்னால் குழாய்த் தண்ணீரும் பாத்திரங்களும் சத்தம் போடும், நடுவில் விடையைச் சொல்லுவாள், விடை சரியாக இருக்கும். ஒரு நாள் உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "வாறேங்க மேடம்" என்ற குரலோடு அவள் பெயர் திரையிலிருந்து போயிற்று. அதற்குப் பிறகு வரவில்லை. பரீட்சை தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் நடந்தது. அதற்கும் அவளுக்கு லீவு கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு இன்னும் மவுசு குறையவில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேர் சேர்ந்தால் அப்பா ஆரம்பித்துவிடுவார். நான் கையைக் கூப்பிக் கழுத்தைச் சாய்த்ததை என் தம்பி நடித்துக் காட்டுவான். பந்தியில் சோறு போடுகிறவர்கூட, "டீச்சர் இருக்காங்க, எல்லாருக்கும் முழுச் சோறு!" என்பார். கைதட்டலோடு கதையை முடித்துவிடுவார்கள். நானும் சிரிப்பேன். சிரிப்பு வரத்தான் செய்கிறது.

போன ஆசிரியர் தினத்தன்று செல்வியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. கொழும்பில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். கலகலவென்று பேசியிருந்தாள்.

"ஹெப்பி டீச்சர்ஸ் டே டீச்சர்! இந்த வீட்டுச் சின்னப் புள்ளைக்கு ஒன்லைன்ல கணக்கு கிளாஸ் நடக்குதுங்க. அதுக்கு அவங்க சொல்றது வெளங்காது. கிளாஸ் முடிஞ்சதும் நான் சமைக்கிற குசினிக்கு ஓடி வந்துரும். நாந்தான் சொல்லிக் குடுக்குறேன், நீங்க சொல்லித் தந்த மாதிரியே. இந்தத் தவணப் பரீட்சையில அது நல்ல மார்க்ஸ் எடுத்திருக்கு! மேடத்துக்கு ஒரே சந்தோசம். ஆனா டீச்சர், அதுக்கு மட்டும் எனக்கு இன்னும் பேரு போடலங்க!"

சொல்லிவிட்டு, பதிவு முடிகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பதிலுக்கு, சிரிக்கிற முகப் பொம்மை ஒன்றைத் தட்டி அனுப்பினேன்.